மலைப்பாதையில் ஓடும் பழைய வேனுக்குப் புதிய டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலகிரியில் பழைய வேன் ஒன்றை வாங்கி, இன்ஜினைச் சீராக்கி, வண்ணம் பூசி, இருக்கைக்குப் புதுத் துணி தைத்து முடித்த பிறகு கையில் மிஞ்சியிருக்கும் பணத்தில் டயர் வாங்கலாம் என்று நினைக்கும் நண்பர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வரிசையைத் திருப்பிப் போடுங்கள். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் 1,900 மீட்டர் உயரம் இறங்குகிறோம். அந்த இறக்கம் முழுவதும் வண்டியைச் சாலையோடு பிடித்து வைத்திருப்பவை உள்ளங்கை அகலத்தில் தரையைத் தொடும் நான்கு ரப்பர்த் துண்டுகள் மட்டுமே. பழைய வேன் வைத்திருக்கும் எவரும் எடை, அளவு, வயது, முகப்பு (சாலையைத் தொடும் மேற்பரப்பு) என்ற இந்த வரிசையில்தான் டயரைப் பார்க்க வேண்டும். கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. முகப்பில் பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே எழுந்து நிற்கும் ரப்பர்க் கட்டை, ஆழமாக இருக்கிறதா, விலை படிகிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறோம்.

என்னிடம் இருப்பது 14 அங்குல ரிம் கொண்ட, 1970களில் தயாரான போக்ஸ்வாகன் வேன். அதனால் எடுத்துக்காட்டுகளை அந்த வண்டியிலிருந்தே தருகிறேன். உங்களிடம் மெட்டடாரோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 20 வேனோ, 1984இல் வந்த முதல் மாருதி வேன்களில் ஒன்றோ இருந்தால் எண்கள் மாறும், செய்முறை மாறாது.

முதலில் வண்டியை எடை போடுங்கள்

டயர் கடைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போங்கள். காய்கறி லாரிகள் எடை போடும் மேடைகள் மேட்டுப்பாளையத்தில் உண்டு. முழு வண்டியை ஒரு முறையும், முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறையும், பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறையும் எடை போட்டுத் தருமாறு கேட்டால் மறுக்காமல் செய்து தருவார்கள். வெறும் வண்டியை எடை போட்டுப் பயனில்லை. நீங்கள் வழக்கமாக ஏற்றிச் செல்லும் ஆட்களும் சாமான்களும் உள்ளே இருக்க வேண்டும், டீசலோ பெட்ரோலோ முழுமையாக நிரம்பியிருக்க வேண்டும், ஸ்டெப்னி அதன் இடத்தில் இருக்க வேண்டும்.

என் வேனில் எட்டுப் பேருடன் பின் அச்சின் எடை 1,010 கிலோ வந்தது. இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டி என்பதால் பின்பாரம் கூடுதல். அப்படியானால் ஒரு பின்சக்கரம் சமதரையில் 505 கிலோ சுமக்கிறது. மலையேற்றத்தில் பாரம் இன்னும் பின்னுக்குச் சாயும். கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் மீது சாயும். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது முன்சக்கரத்துக்குப் போகும். ஆகையால் எடை மேடை தரும் எண்ணுடன் ஐந்தில் ஒரு பங்காவது சேர்த்துக்கொண்டே டயரைத் தேட வேண்டும் என்பது என் கணக்கு. என் வண்டிக்கு அது ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 610 கிலோ.

இந்த எண்ணை டயரில் எங்கே தேடுவது? டயரின் பக்கச் சுவரில், அளவைக் குறிக்கும் எண்களுக்குப் பின்னால் இரண்டு அல்லது மூன்று இலக்க எண் ஒன்றும் அதையடுத்து ஆங்கில எழுத்து ஒன்றும் இருக்கும். அந்த எண் சுமைக் குறியீடு. 82 என்றால் 475 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615, 97 என்றால் 730, 102 என்றால் 850 கிலோ. 102/100 என்று இரண்டு எண்கள் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கும், இரண்டாவது எண் லாரியில் உள்ளதுபோல் இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போது ஒவ்வொரு டயருக்கும் பொருந்தும். எழுத்து வேகத்தைக் குறிக்கும்: கியூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர், ஆர் என்றால் 170. பழைய வேனுக்கு வேக எழுத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சுமை எண்ணைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இதை எனக்கு ஒரு பயணம்தான் கற்றுத்தந்தது. வேனைச் செப்பனிட்ட முதல் ஆண்டில், ஒரு டயர் கடையில் 185/60 ஆர் 14 அளவுள்ள கார் டயர்களைப் பூட்டிக்கொடுத்தார்கள். ரிம்மில் சரியாக உட்கார்ந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது. குடும்பத்தினர் எட்டுப் பேருடன் குன்னூரிலிருந்து இறங்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவதுபோல் இருந்தது. தொட்டிலில் உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் ஆட்டம். பர்லியாறில் பழக்கடைகளுக்கு எதிரே நிறுத்தி, இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். இடது பின்டயரின் உட்புறப் பக்கச் சுவரில், பாதிக் கோழிமுட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு புடைப்பு. விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது. அந்த இடத்தில் உள்ளிருக்கும் நூல்கள் அறுந்துவிட்டன என்பதே அதற்குப் பொருள். அந்த டயரின் சுமைக் குறியீடு 82, அதாவது 475 கிலோ. நான் அதன் மீது 505 கிலோவை ஏற்றி வளைவுகளில் ஓட்டியிருக்கிறேன். அன்று ஸ்டெப்னியை மாற்றி, குழந்தைகளையும் பெரியவர்களையும் பேருந்தில் அனுப்பிவிட்டு, வெறும் வண்டியை மெதுவாக இறக்கிச் சென்றேன். புடைப்பு விழுந்த டயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அன்றே கழித்துவிட வேண்டும்.

அளவுகளின் மொழி

பழைய வேன்களில் டயரின் அளவு இரண்டு மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். 7.00-14 என்று கோட்டுடன் எழுதியிருந்தால் அது நாம் நைலான் டயர் என்று அழைக்கும், உள்நூல்கள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை. அகலம் ஏழு அங்குலம், ரிம் 14 அங்குலம். 1960களின் பிற்பகுதியில் வந்த போக்ஸ்வாகன் வேன்களில் இந்த அளவுதான் இருந்தது. 185 ஆர் 14 என்று எழுதியிருந்தால் அது ரேடியல், உள்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும் வகை. அகலம் 185 மில்லிமீட்டர். இதில் உயரத்துக்கான எண் இல்லையே என்று தேட வேண்டாம். அப்படி எண் இல்லாத பழைய ரேடியலின் பக்கச் சுவர் உயரம், அகலத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு என்று கொள்வது மரபு. அளவுக்குப் பின்னால் ஆங்கில சி எழுத்தோ எல்டி என்ற இரண்டு எழுத்துகளோ இருந்தால் அது சுமை வண்டிக்கென்று கட்டிய, பக்கச் சுவர் கெட்டியான டயர். வேனுக்கு வேண்டியது இதுதான். 6 பிஆர், 8 பிஆர் என்பவை வலிமையைக் குறிக்கும் அடுக்குக் கணக்கு. உள்ளே அத்தனை அடுக்குகள் உண்மையிலேயே இருக்கும் என்று பொருளல்ல.

உங்கள் வண்டிக்குரிய அளவை, இப்போது பூட்டியிருக்கும் டயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முந்தைய உரிமையாளர் எதைப் பூட்டினார் என்பதைத்தான் அது சொல்லும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள தகடு, வண்டியுடன் வந்த கையேடு ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அதே மாதிரி வண்டியைப் பல ஆண்டுகளாகப் பழுதுபார்த்து வரும் மெக்கானிக்கிடம் கேட்டு, அவர் சொல்வதை ரிம்மின் அகலத்துடன் ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

அதே அளவு கிடைக்காதபோது மாற்று அளவைத் தேடலாம். ஆனால் மொத்த விட்டம் மாறக் கூடாது. கணக்கு எளிது: அகலத்தை உயர விழுக்காட்டால் (195/75 என்பதில் 75) பெருக்கி, இரண்டு மடங்காக்கி, அதனுடன் ரிம் விட்டத்தை (ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர்) கூட்டினால் மொத்த விட்டம் வரும். 185 ஆர் 14 டயரின் விட்டம் ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். 195/75 ஆர் 14 போட்டால் 648. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். நான் முன்பு ஏமாந்த 185/60 ஆர் 14 டயருக்கோ 578தான் வரும். அதனால் வண்டி மூன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்துவிடுகிறது, தோட்டச் சாலைகளில் அடிப்பக்கம் கல்லில் இடிக்கிறது, ஒரே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றிச் சூடேறுகிறது, வேகமானி 50 என்று காட்டும்போது வண்டி 44இல்தான் போகிறது. விட்டம் கூடினாலும் தொல்லைதான். ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய டிரம் பிரேக்கிடமிருந்து ஒரு துளியைக்கூட நாம் பறிக்கக் கூடாது. விட்ட வேறுபாடு இரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியை, 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு மற்றொரு காரணமும் இருக்கிறது. வண்டி அதன் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்று அந்த விதி எதிர்பார்க்கிறது. பெரிய அலாய் வீல் மாட்டும் ஆசையை அதோடு மறந்துவிடலாம்.

நைலானா, ரேடியலா?

மலைக்கு ரேடியல் என்பது என் முடிவு. ஈரச் சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும். நீண்ட நாள் நிறுத்தி வைத்தாலும் நைலான் டயரைப்போல் அடிப்பகுதி தட்டையாகிக் காலையில் தடதடவென்று அடிக்காது. பழைய தோற்றம் அப்படியே வேண்டும் என்பதற்காக நைலான் டயரையே விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்; அதில் தவறில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டால் போதும். எந்நிலையிலும் இரண்டையும் கலக்கக் கூடாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் இருந்தால் பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமும் உள்ள சாலையில் அது என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

டயரின் பிறந்த தேதி

பக்கச் சுவரில் ஒரு சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. மூன்று இலக்கம் மட்டுமே இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பழைய வேனின் டயர் அளவு அதிகம் விற்பதில்லை என்பதால் கடையின் மேல் பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சரக்கு நம் தலையில் கட்டப்படும் வாய்ப்பு மிகுதி. ஓராண்டுக்கு உட்பட்டதாகக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகளைத் தாண்டியதை நான் வாங்குவதில்லை. அங்கேயே ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டிய டயருக்கும் வயதுக் கணக்கு உண்டு. பழைய வேன் ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடும்; பட்டன் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டியாகிவிடும். உயர்ந்த மலையில் வெயிலின் புற ஊதாக் கதிர் கூடுதல் என்பதால் வெளியில் நிறுத்தும் வண்டியின் டயர் விரைவில் வெடிப்பு விடும். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மழைக்கால மலைச்சாலைக்கு 3 மில்லிமீட்டர் இல்லாவிட்டால் நான் வண்டியை எடுப்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்தால் ஆண்டுதோறும் கழற்றி உட்புறத்தையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகள் ஆனால், பட்டன் முழுதாக இருந்தாலும், மாற்றியே ஆக வேண்டும். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றிய ரீட்ரெட் டயரை இந்தப் பாதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முகப்பைப் பொறுத்தவரை, தார்ச்சாலைக்கு நீளவாக்கில் பள்ளம் ஓடும் வரி டயரே பொருத்தம். தேயிலைத் தோட்டத்து மண் சாலையில் நாள்தோறும் போகிறவர்கள் மட்டும், இழுக்கும் சக்கரங்களுக்கு ஓரத்தில் கட்டை கட்டிய வகையைப் பார்க்கலாம்.

ரிம்மைப் பார்க்காமல் டயரைப் பூட்டாதீர்கள்

டயரைக் கழற்றியதும் ரிம்மைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நீலகிரியின் ஈரக் காற்றில் ரிம்மின் உள்விளிம்பில் துரு செதில் செதிலாக உரியும். ரிவெட்டோ வெல்டிங்கோ இருக்கும் இடங்களையும், நட்டு இறங்கும் துளைகளையும் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்; துளை நீள்வட்டமாக இழுத்திருந்தால் அந்த ரிம் வேண்டாம். கோணல் இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஜாக்கியில் தூக்கி, ரிம்மின் ஓரத்துக்கு அருகில் ஒரு சாக்குக்கட்டியை ஒரு கல்லின் மீது ஊன்றி அசையாமல் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தால் ரிம் நேராக இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அழுத்தமாக விழுந்து மறுபுறம் விழாமல் போனால் கோணல். சுத்தமான ரிம்முக்கு ரெட் ஆக்சைடு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே டயரை ஏற்ற வேண்டும்.

டியூப் போடுவதா, டியூப்லெஸ்ஸா என்ற கேள்விக்கும் ரிம்மிடமே விடை இருக்கிறது. டயரின் விளிம்பு வந்து உட்காரும் இடத்துக்கு உட்பக்கமாக ரிம்மைச் சுற்றி ஒரு சிறிய மேடு ஓடினால், காற்று குறைந்த நிலையில் வளைவில் திரும்பும்போதும் டயர் உள்ளே வழுகாது. அந்த மேடு இல்லாத பழைய ரிம்மிலும், ரிவெட் அடித்த ரிம்மிலும் டியூப் போடுவதே முறை. ரேடியல் டயருக்கு ரேடியல் என்று குறித்த டியூபையே கேட்டு வாங்குங்கள். அதன் வால்வு ரிம்மின் துளைக்குப் பொருந்த வேண்டும். துளைகளில் 11.3, 15.7 மில்லிமீட்டர் என இரண்டு வகை உண்டு. பெரிய துளையில் சிறிய வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி அடியில் கிழிந்துவிடும். புது டயருக்குள் பழைய டியூபைப் போடக் கூடாது. அது விரிந்து பெருத்திருப்பதால் உள்ளே மடிந்து, மடிந்த கோட்டிலேயே தேயும். நீண்ட இறக்கத்தில் பிரேக் டிரம்மின் சூடு ரிம் வழியாக டியூபுக்குப் போகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பூட்டிய பிறகு, கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன், ஆட்களை உள்ளே உட்கார வைத்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பாருங்கள். சமவெளியில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பும் தேவை வண்டியைச் சந்தில் திருப்பும்போதுதான் வரும். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகளிலும் அது ஓட்டத்திலேயே வரும்.

காற்று பிடிக்கும் இடமும் நேரமும்

மலைக்காரர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் இது. உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மேட்டுப்பாளையத்தில் பிடித்த காற்று உதகையில் அளக்கும்போது ஏறக்குறைய 3 பவுண்டு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் குளிரும் கூடவே வருகிறது. 36 டிகிரி வெயிலில் பிடித்த காற்று 12 டிகிரி காலையில் 3 முதல் 4 பவுண்டு குறைந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ ஈடுசெய்துகொள்கின்றன. ஆகவே மலை ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றைத் திறந்துவிடவோ கூட்டவோ தேவையில்லை. தவறு வேறு இடத்தில் நடக்கிறது. கோவையிலிருந்து ஓடிவந்த சூட்டுடன், டயர் கொதிக்கும்போது காற்றுப் பிடித்துச் சரியான அளவு என்று நம்பிவிடுகிறோம். மறுநாள் காலை தலைகுந்தாவின் உறைபனியில் அதே டயர் தொய்ந்து கிடக்கிறது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், உங்கள் வீட்டு வாசலில் அளப்பதே சரி. அதற்கென ஒரு சொந்த அளவி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பிடிப்பது என்பதை வண்டியின் தகடு சொல்லும். டயரில் பொறித்திருக்கும் எண், அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவதற்கான உச்ச அழுத்தம். அதை அன்றாட அளவாக எடுத்துக்கொண்டால் வண்டி கல்லைப்போல் குதிக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு பிடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். என் வேனுக்குப் பின்சக்கரத்தில் முன்சக்கரத்தைவிட 10 பவுண்டு கூடுதல் வேண்டும்.

இரண்டு டயர்களுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால்

ஐந்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவதே நல்லது. முடியாவிட்டால், புதிய இரண்டையும் பின் அச்சில் பூட்டுங்கள். முன்டயர் வெடித்தால் ஆபத்து, ஆகையால் புதியது முன்னால் என்பது நம்மூர் வழக்கம். ஆனால் ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் கால் எடுத்து, ஸ்டீயரிங்கைத் தளர்த்தி மீள முடியும். இறக்கத்தில் பாரம் முன்னுக்குப் போய்ப் பின்பக்கம் இலேசாகியிருக்கும் வேளையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். தைல மரத்து இலைகள் நனைந்து ஒட்டிக் கிடக்கும் ஐப்பசி மழைக்காலத்துச் சாலைகளில் இந்த வேறுபாடு பெரிது. வெடித்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்குப் பழைய டயர் என்றால், அது முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னாலும் இருக்கக் கூடாது.

அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அன்றே செய்துவிடுங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டு அனுப்பினால், கையால் ஒருமுறை குறுக்குவாட்டு வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள். புது டயரின் மேற்பரப்பில் வார்ப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்பு சிறிது இருக்கும் என்பதால், முதல் 300 கிலோமீட்டருக்கு வளைவில் விரையாமல், பிரேக்கை முன்கூட்டியே மிதித்து ஓட்டுங்கள். முதல் இறக்கத்தை ஆட்கள் ஏற்றாமல், ஏறும் கியரிலேயே இறங்கி முடியுங்கள். கல்லாறு வந்ததும் ஓரமாக நிறுத்தி, நான்கு டயர்களின் பக்கச் சுவரையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதில் காற்றுக் குறைவு, அல்லது அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சூடு ஆறியதும், எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு ஏறுங்கள்.